மயிலுக்குக் குளிர்ந்ததா? எங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும்,

சென்ற திங்கட்கிழமை என் மகளின் டைரியில் ஒட்டி வந்த சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையாக இருந்த நூலக வகுப்பு இனி கிடையாது, அந்த நேரத்தில் கணக்குக்குச் சிறப்பு வகுப்பு நடக்கும் என்பது முதலாவது. தமிழ்த் தேர்வில் 'உன் கருத்தை எழுதுக' என்று வரும் வினாக்கள் உட்பட எல்லாவற்றுக்கும் பள்ளி தரும் மாதிரி விடையை ஒட்டியே எழுத வேண்டும், 'சொந்த விடைகளுக்கு மதிப்பெண் வழங்கப்பட மாட்டாது' என்பது இரண்டாவது.

அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். 'உன் கருத்தை எழுது' என்று கேட்டுவிட்டு, எழுதுவது உன்னுடையதாக இருக்கக் கூடாது என்றால் பிள்ளை யாருடையதை எழுதுவாள்?

இது பற்றி நேரில் பேச வந்தேன். அலுவலக வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். "அஞ்சு மார்க்குக்கு இவ்வளவு தூரம் வரணுமாம்மா? சரி, பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மார்க்குக்காக வரவில்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டாகிவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மற்றப் பெற்றோரும் படிக்கட்டும், அவர்கள் வீட்டிலும் அதே சுற்றறிக்கை கிடக்கிறது.

விஷயம் ஒரு மயிலிலிருந்து தொடங்கியது.

பருவத் தேர்வில் கடையெழு வள்ளல்களைப் பற்றி ஒரு வினா. 'மயிலுக்குப் போர்வை அளித்த பேகனின் செயல் குறித்து உன் கருத்தை எழுதுக', 5 மதிப்பெண். என் மகள் எழுதியதை அப்படியே தருகிறேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"பேகன் நல்லவர். ஆனால் மயிலுக்குக் குளிர்கிறதா என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்குத் தினமும் மயில் வருகிறது. மழை வருகிற மாதிரி இருந்தால் அது ஆடும், நடுங்காது. நனைந்தால் வேப்பமரத்தில் ஏறி உதறிக்கொள்ளும். போர்வையைப் போர்த்தினால் தோகையை விரிக்க முடியாது. எங்கள் தாத்தா மயில் வராமல் இருக்கப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருக்கிறார். சேலை காற்றில் ஆடினால் மயில் பயந்து ஓடும். ஆகவே பேகனின் போர்வையைப் பார்த்தும் அந்த மயில் பயந்திருக்கும். அதைக் குளிரில் இருந்த ஓர் ஏழைக்குக் கொடுத்திருக்கலாம்."

சிவப்பு மையில் கீழே எழுதியிருந்தது: 'தலைப்பை விட்டு விலகியுள்ளது. வள்ளலைக் குறை கூறக் கூடாது. நோட்ஸைப் படி.' மதிப்பெண் 1. அந்த ஒன்று எதற்கென்று யோசித்தேன். 'பேகன் நல்லவர்' என்ற முதல் வரிக்காக இருக்க வேண்டும்.

நோட்ஸில் உள்ள விடையையும் பார்த்தேன். 'பேகனின் செயல் அவரது ஈகைக் குணத்தையும் உயிரிரக்கப் பண்பையும் காட்டுகிறது. நாமும் அவரைப் போல் எல்லா உயிர்களிடத்தும் அன்பு காட்ட வேண்டும்.' தப்பில்லை. ஆனால் வகுப்பில் இருக்கும் 48 பேரில் 45 பேர் இதையே, அரைப்புள்ளி காற்புள்ளி மாறாமல் எழுதி 5 வாங்கியிருக்கிறார்கள். அந்த 45 பேரில் ஒருவராவது மயிலைக் கண்ணால் பார்க்காதவர் இருக்க முடியாது. நாம் இருப்பது பழனிமலை அடிவாரம். பேகன் ஆண்டதும் இந்த மலைநாடுதான். இங்கே மக்காச்சோளம் முளை விட்டதும் மயில்தான் முதலில் வந்து பார்க்கும், விதைத்தவர் பிறகுதான். எங்கள் மாமனார் கட்டிய வேலியில் என் கல்யாணத்துக்கு வந்த சேலை ஒன்றும் தொங்குகிறது. பேகன் மயிலுக்குத் துணி கொடுத்தான், நாங்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், காரணம்தான் வேறு.

இவ்வளவையும் தினமும் பார்க்கிற பிள்ளைகள், தேர்வுத்தாளைத் தொட்டதும் பார்த்ததையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மறக்காத மூன்று பேரை வைத்துத்தான் இந்தச் சுற்றறிக்கை வந்திருக்கிறது.

விடைத்தாளைக் கொண்டுவந்த அன்று அவள் அழவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, அந்தக் காலத்துல யாருமே இதைக் கேக்கலயா?"

நான் ஓர் உரக்கடையில் கணக்கெழுதுகிறேன். எம்.ஏ. தமிழ், தொலைநிலைக் கல்வியில் முடித்தது. முடித்தது என்றால், பேருந்தில் போகும்போதும் வரும்போதும் நோட்ஸை மனப்பாடம் செய்து முடித்தது. அதனால் எனக்கும் அவள் கேள்விக்கு விடை தெரியவில்லை. பரணில் ஏறிப் பழைய புறநானூற்றை எடுத்தேன். இரண்டு பேரும் தூசி தட்டி உட்கார்ந்தோம். தமிழாசிரியர்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

141ஆம் பாட்டு, பரணர் பாடியது. 'உடாஅ போரா ஆகுதல் அறிந்தும் படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ' என்கிறார். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தானாம். ஆக, என் மகளுக்குத் தோன்றிய முதல் கேள்வி பரணருக்கே தோன்றியிருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை, பாட்டிலேயே போட்டுவிட்டார். அடுத்த பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 'கொடைமடம்' என்று ஒரு சொல்லைப் போடுகிறார். மடம் என்றால் அறியாமை. பேகன் கொடுப்பதில்தான் மடமை காட்டுவான், போரில் காட்டமாட்டான் என்று அரசன் காதுபடப் பாடுகிறார். பரிசில் வாங்கிப் பிழைக்கிற புலவர் அவர்.

"அப்ப நான் எழுதினது சரிதானே?" என்று குதித்தாள். பாதிதான் சரி என்றேன். அதே 141ஆம் பாட்டின் கடைசி வரியைக் காட்டினேன். 'பிறர் வறுமை நோக்கின்று அவன் கைவண்மையே.' மறுமையில் பலன் கிடைக்கும் என்று அவன் கொடுக்கவில்லை, மற்றவர் வறுமையைப் பார்த்துக் கொடுத்தான். அதாவது, 'ஏழைக்குக் கொடுத்திருக்கலாம்' என்று அவள் எழுதினாளே, அதற்குப் பரணரிடம் பதில் இருக்கிறது: கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். இதைப் படித்திருந்தால் அந்த வரியை அவள் வேறு மாதிரி எழுதியிருப்பாள்.

அப்புறம் 142இல் வரும் மழை. வறண்ட குளத்தில் பெய்கிறது, அகன்ற வயலில் பெய்கிறது, ஒன்றும் விளையாத உவர் நிலத்திலும் பெய்கிறது. 'வரையா மரபின் மாரி போல' என்று பேகனை அதற்கு ஒப்பிடுகிறார். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "உவர் நிலத்துல பெஞ்சா வேஸ்டுதானே" என்றாள். பிறகு, "ஆனா மழையை அதுக்காகத் திட்ட முடியாதுல்ல" என்றும் அவளே சொன்னாள்.

ஐயா, இதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தச் சிவப்பு மையில் 'வள்ளலைக் குறை கூறக் கூடாது' என்பதற்குப் பதிலாக, 'பரணர் சொல்லும் மழையைப் பார்த்தாயா?' என்று நான்கு சொல் இருந்திருந்தால் போதும். அவள் கருத்தை ஆசிரியர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை. 2 மதிப்பெண்தான் போட்டிருந்தாலும் நான் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டேன். தன்னோடு ஒருவர் வாதாடியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெரிந்துகொண்டிருப்பது வேறு: கேட்காதே.

பக்கத்தைப் புரட்டியதும் இன்னொன்று கிடைத்தது. வள்ளல் பட்டியலை மட்டும் படித்தால் இது தெரியவே தெரியாது. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்துவிட்டான். சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல, இவள் வேறு. 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் அவளுக்காக. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். கபிலர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்கிறார்: நேற்று உன் மலையைப் பாடி நின்றேன், ஒரு பெண் குழல் அழுவது போல அழுதாள், 'யார்கொல் அளியள் தானே?' அந்தப் பாவப்பட்டவள் யார் என்று, கணவனிடமே. அரிசில்கிழார் உன் அருங்கலமும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம் என்கிறார். பரணர் அந்த மயிலையே எடுத்துவந்து அவன் முன்னால் நிறுத்துகிறார். மயில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை கொடுத்த பேகனே, எங்களுக்குப் பசியும் இல்லை, சுமக்கக் குடும்பப் பாரமும் இல்லை. நாங்கள் கேட்கும் பரிசு, இன்று இரவே நீ தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான்.

இந்த இடத்தில் என் மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. "மயிலுக்குக் குளிருதுன்னு தெரிஞ்சவருக்கு இது எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

நான்கு புலவர்கள் அரசனிடம் கேட்டதை ஒரு பதின்மூன்று வயதுப் பெண் ஐந்து மதிப்பெண் வினாவில் கேட்கக் கூடாதா?

தமிழ் படிப்பதே இப்படித்தானே வளர்ந்தது? தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களில், இளம்பூரணர் சொன்னதைச் சேனாவரையர் மறுத்தார். சேனாவரையர் சொன்னதை நச்சினார்க்கினியர் மறுத்தார். திருக்குறளுக்குப் பத்துப் பேர் உரை எழுதினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். முதலாமவர் சொன்னதே போதும் என்று இருந்திருந்தால் மற்ற ஒன்பது பேருக்கு வேலையே இல்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது கையில் கிடைத்த முதல் ஏட்டை நம்பிவிடவில்லை. பல ஏடுகளை வைத்து ஒப்பிட்டு, வேறுபடும் பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். படிக்கிறவன் பார்த்துத் தானே முடிவு செய்யட்டும் என்று.

நன்னூல் பாயிரத்தில் 'எழுவகை மதமே' என்று தொடங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. மதம் என்றால் அங்கே கொள்கை, கருத்து. எப்படியெல்லாம் கருத்துக் கொள்ளலாம் என்று பவணந்தி முனிவர் ஏழு வகை சொல்கிறார். உடன்படல். மறுத்தல். பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பேசிப் பிறகு களைதல். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல். இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல். பிறர் நூலில் குற்றம் காட்டல். யாரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளல். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. எதிராளி சொல்வதை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும். பெரியவர்களுக்கே கைவராத வித்தை. நம் பள்ளி அனுமதிப்பது இந்த ஏழில் ஒன்றைத்தான், முதலாவதை.

இது தமிழ்ப் பாடத்தோடு நின்றுவிடுகிற சங்கதியும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் காலை நான் கடை திறக்கப் போகும்போது ஷட்டருக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். நாளை முதல் யூரியா கிடையாது என்று வாட்ஸாப்பில் வந்ததாம். யார் அனுப்பியது என்று கேட்டேன். "குரூப்புல வந்துச்சு." எந்தத் தேதியில் எழுதினது? செய்தியில் தேதியே இல்லை. எந்த அதிகாரி சொன்னார்? பெயரும் இல்லை. ஆனால் அச்செழுத்தில் அழகாக, மேலே ஒரு முத்திரையோடு இருந்தது, அது போதுமாக இருந்தது. கடன் வாங்கி வந்து நான்கு மூட்டை கேட்டவர் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர். தமிழில் 96 வாங்கியவர். அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அச்சில் இருப்பதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் பாராட்டும், கேள்வி கேட்டால் குட்டும் என்று பத்து ஆண்டுகள் பழகியிருந்தார். என் கதையும் அதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் நானும் நான்கு மூட்டை கேட்டிருப்பேன்.

யூரியாவில் போனது பணம்தான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸாப் செய்தியை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வேறு மாநிலங்களிலும் இப்படி நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸாப் நிறுவனம் மாற்றியது. விரலுக்குப் பூட்டு போடுவது அவர்கள் வேலை, போட்டார்கள். அனுப்பும் முன் 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்கும் பழக்கத்தை அவர்களால் தர முடியாது. அது வகுப்பறையில் வர வேண்டியது. பக்கத்தில் கேரளத்தில், கண்ணூர் மாவட்ட நிர்வாகம் அதே காலத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பே நடத்தியது. நாம் இருக்கிற நூலக வகுப்பையும் எடுக்கிறோம்.

அந்த நூலக வகுப்பில் என் மகள் என்ன செய்தாள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பள்ளிக்கு இரண்டு நாளிதழ்கள் வரும். அவளும் தோழியும் ஆளுக்கொன்றாக எடுத்து, ஒரே செய்தி எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம், யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றில் 'மயில்கள் அட்டகாசம், விவசாயிகள் வேதனை' என்று இருந்தது. மற்றதில் 'மயில்களைக் கொல்லும் விஷ விதைகள்'. ஒரே வட்டாரம், ஒரே வாரம். முதல் செய்தியில் மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம் என்ற பேச்சே இல்லை. இரண்டாவதில் எத்தனை ஏக்கர் விளைச்சல் போனது என்ற பேச்சு இல்லை. ஆளுக்கொரு பேப்பரை மட்டும் படித்திருந்தால் தோழிகள் இரண்டு பேரும் சண்டை போட்டிருப்பார்கள். மாற்றிப் படித்ததால், விட்டுப்போனது என்ன என்று தேடினார்கள். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம், நம் வேலியில் சேலை மட்டும்தானே, விதையில் ஒன்றும் கலக்கவில்லையே என்று விசாரணை நடந்தது. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பதில் சொன்னார்.

பேகனைப் பற்றி அவள் எழுதிய விடை அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் வந்தது. இப்போது அந்த மணி நேரமும் கணக்குக்குப் போகிறது. கணக்கு மேல் எனக்குக் கோபமில்லை, கணக்கெழுதித்தான் பிழைக்கிறேன்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் தெரிகிறது. 48 பேர் கொண்ட மூன்று பிரிவுகளின் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய், சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் திருத்துகிறவர் தமிழ் மிஸ். ஒரே மாதிரி விடை என்றால் ஒரு தாளுக்கு ஒரு நிமிடம். ஆளுக்கொரு மாதிரி எழுதினால் எப்படித் திருத்துவது, நாளைக்குப் பொதுத்தேர்வில் திருத்துகிறவர் ஏற்பாரா, மதிப்பெண் குறைந்தால் சண்டைக்கு வருவதும் இதே பெற்றோர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். போன வருஷம் பேச்சுப் போட்டிக்கு 'நூலகத்தின் பயன்' என்று நோட்ஸிலிருந்து பார்த்து அவளுக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். மனப்பாடம் செய்து பரிசும் வாங்கினாள். கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் எல்லா வினாவுக்கும் சொந்த விடை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மனப்பாடச் செய்யுளை அடி பிறழாமல்தான் எழுத வேண்டும், இலக்கணத்துக்கு விடை ஒன்றுதான். பாடநூலே 'சிந்தனை வினா' என்று தனியாகத் தலைப்புப் போட்டுக் கேட்கும் இரண்டு மூன்று வினாக்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தச் சிந்தனை வினாவுக்கும் விடையை அச்சடித்துக் கடையில் விற்கிறார்கள். நாமும் வாங்கிக் கொடுக்கிறோம்.

சட்டமும் இதில் பேசுகிறது. எட்டாம் வகுப்பு வரை பொருந்தும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 29(2) பிரிவில், குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும், தன் கருத்துகளைத் தடையின்றி வெளியிட உதவ வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப் புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. நம் பள்ளியில் நூலகம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்று இந்த வாரம் மூன்று பேரைக் கேட்டும் என் மகளுக்குத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

சுற்றறிக்கையில் உள்ள 'சொந்த விடைகளுக்கு மதிப்பெண் வழங்கப்பட மாட்டாது' என்ற வரியை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக 'கண்டுக்க மாட்டோம்' என்று சொல்வது போதாது. டைரியில் ஒட்டியது டைரியில்தான் மாற வேண்டும்.

வெள்ளிக்கிழமை நூலக வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள். கணக்குக்குச் சிறப்பு வகுப்பு அவசியம் என்றால் காலையில் அரை மணி நேரம் முன்னதாக வையுங்கள், பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டு நாளிதழ்களையும் நிறுத்தாதீர்கள்.

கருத்து கேட்கும் வினாக்களைத் திருத்தும்போது, பிள்ளை எந்த முடிவுக்கு வந்தாள் என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். பாடத்தைப் படித்திருக்கிறாளா, காரணம் சொன்னாளா, எதிர்ப்பக்கத்தையும் நினைத்துப் பார்த்தாளா, இந்த மூன்றுக்கும் போடுங்கள். இப்படித் திருத்தினால் என் மகளுக்கு 5 கிடைக்காது. எதிர்ப்பக்கத்தை அவள் நினைக்கவே இல்லை. அதைச் சொல்லியே குறையுங்கள். மாறுபட்டு எழுதும் தாளில் ஒரே ஒரு வரி, ஆசிரியரின் எதிர்க்கேள்வியாக, எழுதுங்கள்.

அந்த மூன்று பிள்ளைகளின் தாள்களையும் இந்த முறையில் மறுபடி படியுங்கள். மற்ற இருவரும் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய அம்மா அப்பாவுக்காவது அது தெரிய வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். அதை நானும் என் மகளும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். அவளிடம் கேள்விகள் இருக்கும்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா